மூடைக் கணக்கு: அமெரிக்கக் களஞ்சியக் கடைகள் தரும் வியாபாரப் பாடம்

காலையில் கடையைத் திறந்ததும் முதலாவதாக வரும் வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்று ஒரு கிழமைக்குக் கவனித்துப் பாருங்கள். அரிசி, சீனி, பருப்பு, கோதுமை மா, எண்ணெய், முட்டை. இவற்றையே கேட்பார். இவற்றின் விலை ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். கிலோவுக்கு ஐந்து ரூபா கூட்டினாலும் மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். "இந்தச் சாமான்களில் என்ன இலாபம் இருக்கிறது? வைத்திருக்க வேண்டுமே என்பதற்காக வைத்திருக்கிறோம்" என்று எமது வியாபாரிகளில் பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம்.

அதே சாமான்களை வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவில் ஒரு கடைமுறை உலகின் மிகப் பெரிய சில்லறை வியாபாரங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. அங்கு இதனை வெயார்ஹவுஸ் கிளப் என்பார்கள். நாம் அங்கத்துவக் களஞ்சியக் கடை எனலாம். வருடச் சந்தா கட்டியவர் மாத்திரமே சாமான் வாங்க முடியும். கடை என்றாலும் பார்வைக்கு ஒரு பெரிய ஸ்டோர்தான். சாமான்கள் வந்த மரத்தட்டுகளிலேயே அடுக்கப்பட்டிருக்கும். அரை இறாத்தல், ஒரு இறாத்தல் என்று அங்கு நிறுப்பதில்லை. மூடையாக, பெட்டியாக, பெரிய போத்தலாகவே வாங்க வேண்டும்.

இந்தக் கடைகளில் மக்கள் விரும்பி வாங்கும் பலசரக்குகள் எவை, ஏன் அவற்றை வாங்குகிறார்கள், கடைக்காரர் எதில் சம்பாதிக்கிறார் என்பதை இவ்வாரம் பார்ப்போம். வாங்குபவரின் கணக்கும் விற்பவரின் கணக்கும் விளங்கிவிட்டால், எமது சொந்தக் கடையின் கணக்கும் தெளிவாகும்.

சிறு வியாபாரிக்காகத் தொடங்கிய கடை

இந்தக் கடைமுறை முதலில் குடும்பங்களுக்காக ஆரம்பிக்கப்பட்டதல்ல என்பது பலருக்குத் தெரியாது. சொல் பிரைஸ் என்ற வியாபாரி 1976 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், முன்பு விமானத் தொழிலுக்குப் பயன்பட்ட ஒரு பழைய கட்டிடத்தில் பிரைஸ் கிளப் என்ற கடையைத் திறந்தார். அவர் மனதில் இருந்தவர்கள் சிறு கடைக்காரர்களும் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர்களுமே. மொத்த வியாபாரிகள் பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் விலையைச் சிறியவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே அவர்கள் எல்லோரும் ஆண்டுக்கு 25 டொலர் சந்தா கட்டி ஓரிடத்தில் வாங்கினால் நல்ல விலை கிடைக்கும் என்பதே யோசனை.

ஆரம்பத்தில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பின்னர் அரசாங்க ஊழியர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கும் கதவைத் திறந்துவிட்ட பிறகே கடை தலைதூக்கியது. அவரிடம் தொழில் பழகிய ஜிம் சினிகல், ஜெஃப் புரொட்மன் என்பவருடன் சேர்ந்து 1983 இல் சியாட்டில் நகரில் கொஸ்ட்கோவைத் தொடங்கினார். அதே ஆண்டில் வோல்மார்ட்டின் சாம் வோல்டன் செம்ஸ் கிளப்பைத் திறந்தார். 1993 இல் பிரைஸ் கிளப்பும் கொஸ்ட்கோவும் ஒன்றாகின. இன்றும் கொஸ்ட்கோ, சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் என்றே தனியான வியாபார நிலையங்களை நடத்தி வருகிறது.

மக்கள் விரும்பி வாங்குபவை

அமெரிக்கக் குடும்பமொன்று மாதமொரு முறை இக்கடைக்குப் போய் வண்டியை நிரப்பினால், அதில் அநேகமாக இருக்கக்கூடியவை இவை.

அரிசி: 20 இறாத்தல் பாஸ்மதி மூடை, 25 அல்லது 50 இறாத்தல் வெள்ளையரிசி மூடை. தெற்காசிய, கிழக்காசியக் குடும்பங்கள் தவறாமல் வாங்குவது இதைத்தான். வெள்ளையரிசி ஈரமும் பூச்சியும் படாமல் மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. தவிட்டரிசி அப்படியல்ல. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் ஆறு மாதமளவில் சிக்கு வாடை தட்டத் தொடங்கும். ஒரே அரிசிதானே என்று இரண்டையும் ஒரே கணக்கில் வாங்குபவர் ஏமாறுவார்.

சீனியும் மாவும்: சீனி உலர்ந்திருக்கும் வரை கெடாது. கோதுமை மா அவ்வளவு காலம் தாங்காது, வண்டு விழும். வீட்டில் பாண் சுடுபவரும் பேக்கரிக்காரரும் 50 இறாத்தல் மூடை எடுப்பார்கள். மற்றவருக்கு அது வீண்.

முட்டை, பால், பட்டர்: முட்டை இரண்டு டசின், ஐந்து டசின் கட்டுகளாக வரும். நாளாந்தம் செலவாகும் சாமான் என்பதால் பெரிய குடும்பங்களுக்கு இதில் மிச்சம் அதிகம். பட்டரைக் குளிரூட்டியில் உறைய வைத்து மாதக்கணக்கில் பாவிக்கிறார்கள்.

எண்ணெய்: ஒலிவ் எண்ணெய் இரண்டு லீற்றர் போத்தலில் வரும். வெளிச்சமும் சூடும் படாமல் வைத்து, திறந்த பின் சில மாதங்களுக்குள் முடிக்க வேண்டும்.

பாதாம், கஜு போன்ற பருப்புகள்: மூன்று இறாத்தல் பாதாம் பை மிகவும் பிரபலமானது. சிறிய பக்கற்றின் விலையுடன் ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் இதுவும் எண்ணெய்ச் சாமான். குளிரில் வைத்தால்தான் நீடிக்கும்.

டின் சாமான்கள்: தக்காளி, டின்மீன், அவரை வகைகள். இரண்டு மூன்று வருடம் வைக்கலாம். அலுமாரியில் இடமிருந்தால் போதும்.

சுட்ட கோழி: கொஸ்ட்கோவின் முழுக்கோழி ஒன்று 4.99 டொலர். 2009 ஆம் ஆண்டிலிருந்து அந்த விலை மாறவில்லை. ஆண்டொன்றுக்கு பத்துக் கோடிக்கும் மேல் விற்கிறார்கள். இந்த விலையைக் காப்பாற்றுவதற்காகவே 2019 இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் சொந்தக் கோழித் தொழிற்சாலையே திறந்தார்கள். கோழியைக் கடையின் பின்கோடியில் வைத்திருப்பார்கள். அதை எடுக்கப் போகிறவர் முழுக் கடையையும் கடந்துதான் போக வேண்டும். வெறுங்கையோடு திரும்புபவர் குறைவு.

மொத்தமாக வாங்கத் தகுந்த சாமானுக்கு மூன்று சோதனை

மேற்படி பட்டியலைப் பார்த்தால் ஒரு பொது விதி தெரியும். எந்தச் சாமானையும் மூடையாக வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது: இது வேகமாகச் செலவாகிறதா? இரண்டாவது: செலவாகும் வரை கெடாமல் இருக்குமா? மூன்றாவது: கழிவு, இடம், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் ஓரலகு விலை குறைவாக இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓர் உதாரணக் கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ சாமான் சில்லறையில் 120 ரூபா. பத்துக் கிலோ மூடை 1,000 ரூபா. கிலோவுக்கு 20 ரூபா மிச்சம் என்று மூடையை எடுக்கிறோம். இரண்டு கிலோ வண்டு விழுந்து கெட்டுவிட்டது. மீதி எட்டுக் கிலோவுக்கு 1,000 ரூபா என்றால் கிலோ 125 ரூபா. மிச்சம் பிடிக்கப் போனவர் கிலோவுக்கு ஐந்து ரூபா கூடுதலாகக் கொடுத்துவிட்டார். அதுவும் முழுப் பணத்தையும் முற்கூட்டியே கொடுத்து!

சந்தாவுக்கும் இதே கணக்குத்தான். கொஸ்ட்கோவின் சாதாரண சந்தா 2024 செப்டெம்பரில் 60 டொலரிலிருந்து 65 டொலராக உயர்ந்தது. மாதம் ஆறு டொலர் மிச்சம் பிடிக்கும் குடும்பம் வருடத்தில் 72 டொலர் மிச்சம் பிடிக்கிறது. சந்தாவைக் கழித்தால் எஞ்சுவது ஏழு டொலர் மட்டுமே. பெரிய குடும்பமோ சிற்றுண்டிச்சாலையோ நடத்துபவருக்குச் சந்தா ஒரு பொருட்டல்ல. தனியாக இருப்பவருக்கு அது நட்டமாகவும் முடியலாம்.

கடைக்காரருக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது?

இனி விற்பவரின் பக்கம் வருவோம். கொஸ்ட்கோ நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி ஒன்று உண்டு. கொள்விலைக்கு மேல் ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு அதிகமாக வைப்பதில்லை. தனது சொந்தப் பெயரான கேர்க்லண்ட் சிக்னேச்சர் சாமான்களுக்கு 15 சதவீதம். இந்தச் சொந்தப் பெயர் 1995 இல் அறிமுகமானது. நல்ல விலைக்கு வாங்கிவிட்டோம், ஆகவே இந்த முறை 25 சதவீதம் வைப்போம் என்று முகாமையாளர் ஆசைப்பட்டாலும் அனுமதி இல்லை. வாங்கிய விலை குறைந்தால் விற்கும் விலையும் குறைய வேண்டும்.

2024 செப்டெம்பர் 1 அன்று முடிந்த நிதியாண்டின் கணக்கைப் பாருங்கள். விற்பனை சுமார் 250 பில்லியன் டொலர். சாமான் வாங்கிய செலவு போக மிஞ்சியது விற்பனையில் ஏறத்தாழ 11 சதவீதம். சம்பளம், மின்சாரம் முதலிய நடத்தும் செலவு சுமார் 9 சதவீதம். ஆக, 100 டொலருக்கு விற்றால் சாமானில் நிற்பது இரண்டு டொலருக்கும் குறைவு. சந்தாவாக வந்த பணமோ 4.8 பில்லியன் டொலர். அந்த ஆண்டின் தொழிற்பாட்டு இலாபம் சுமார் 9.3 பில்லியன். அதாவது இலாபத்தில் பாதிக்கு மேற்பட்ட தொகைக்குச் சமமான பணம் சந்தாவிலிருந்தே வந்திருக்கிறது.

இதன் பொருள் என்ன? அந்தக் கடைக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கையே முதல் சரக்கு. "இங்கே விலை நியாயமாக இருக்கும், நான் ஒவ்வொன்றாக விலை விசாரிக்கத் தேவையில்லை" என்ற நம்பிக்கைக்காகவே மக்கள் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த ஆண்டில் 100 அங்கத்தவரில் ஏறத்தாழ 93 பேர் சந்தாவைப் புதுப்பித்தார்கள். அரிசியிலும் கோழியிலும் விலையைக் கூட்டினால் அன்றைக்குச் சில டொலர் கிடைக்கும். ஆனால் அடுத்த ஆண்டுச் சந்தா போய்விடும். ஊருக்கே விலை தெரிந்த சாமான்தான் வாடிக்கையாளர் எம்மை நிறுக்கும் தராசு. அதில் நியாயமாக நடந்தால் மற்றச் சாமானுக்கும் எம்மை நம்புவார்.

வகை குறைந்தால் வலிமை கூடும்

பெரிய சுப்பர்மார்க்கட் ஒன்றில் முப்பதாயிரம் வகைச் சாமான்கள் இருக்கும். கொஸ்ட்கோ கடையொன்றில் இருப்பவை நாலாயிரத்துக்கும் குறைவு. கச்சான் பட்டரில் பத்து வகை இராது, இரண்டோ மூன்றோதான். "நான் கேட்ட அளவு இல்லையே" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. தெரிந்துகொண்டே அந்த விற்பனையைக் கைவிடுவது புத்திசாலித்தனம் என்பதே சொல் பிரைஸ் தன் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

ஏன்? பத்து வகையில் பத்துப் பத்துப் பெட்டி வாங்குபவருக்கு உற்பத்தியாளர் விலை குறைக்கமாட்டார். ஒரே வகையில் நூறு பெட்டி வாங்குபவருக்குக் குறைப்பார். இடம் மிச்சம், கணக்கு இலகு, பழைய சரக்குத் தேங்குவது குறைவு. சின்ன விடயங்களிலும் இந்தச் சிக்கனத்தைப் பார்க்கலாம். கஜுவை வட்டப் போத்தலில் விற்ற காலத்தில் ஒரு மரத்தட்டில் 288 போத்தல்கள் அடுக்கினார்கள். சதுரப் போத்தலுக்கு மாற்றியதும் அதே தட்டில் 432 ஏறியது. சாமான் அதேதான், லொறிக் கூலி மாத்திரம் குறைந்தது.

குறைந்த இலாபம், வேகமான சுழற்சி

நமது சலிப்புக்கு விடை இங்கே இருக்கிறது. இரண்டு வியாபாரிகளிடம் ஆளுக்கு ஒரு இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அலங்காரச் சாமான் வாங்கி 25 சதவீத இலாபத்துக்கு விற்கிறார். சரக்குத் தீர ஆறு மாதம் செல்கிறது. வருடத்தில் இரண்டு சுற்று. இலாபம் 50,000 ரூபா. மற்றவர் அரிசியும் சீனியும் வாங்கி 4 சதவீதத்துக்கு விற்கிறார். கிழமைக்கு ஒருமுறை சரக்குத் தீர்கிறது. வருடத்தில் 52 சுற்று; இலாபம் 208,000 ரூபா. கூலி, மின்சாரம் கழியத்தான் வேண்டும். ஆயினும், நாலு சதவீதம் என்று ஏளனம் செய்யப்பட்ட சாமான் நாலு மடங்கு உழைத்திருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை: சுற்று நிற்கக் கூடாது. அதே அரிசி இரண்டு மாதம் தேங்கினால் வருடத்தில் ஆறு சுற்றுத்தான், 24,000 ரூபாதான். மலிவாகக் கிடைத்தது என்று தேவைக்கு மேல் மூடைகளைக் குவிப்பவர் தன் கையாலேயே சுற்றை நிறுத்துகிறார்.

எமது சந்தைக்குப் பொருந்துவதும் பொருந்தாததும்

கொஸ்ட்கோவின் சரக்கு ஆண்டுக்குச் சுமார் 12 தடவை சுழல்கிறது. ஆகவே உற்பத்தியாளருக்குப் பணம் கொடுக்கும் தவணை வருவதற்கு முன்பே பெரும்பகுதிச் சரக்கு விற்று, காசு கல்லாவுக்கு வந்துவிடுகிறது. மற்றவர் பணத்தில் வியாபாரம் நடக்கிறது.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கு எடுக்கும் எமது கடைக்காரரும் பார்வைக்கு இதையேதான் செய்கிறார். ஆனால் ஒரு வித்தியாசம். கொஸ்ட்கோ ரொக்கத்துக்கும் அட்டைக்கும் விற்கிறது. நாம் கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுக்கிறோம். முப்பது நாள் காசோலையில் எடுத்த சீனி பத்து நாளில் விற்றுவிடலாம். அந்தக் காசு வாடிக்கையாளரின் கையிலிருந்து வர அறுபது நாள் சென்றால் காசோலை திரும்பும். சரக்கு விற்பது வேறு, காசு வருவது வேறு. சுற்றைக் கணக்கிடும்போது காசு கைக்கு வந்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். கடன் கொடுப்பதை ஊரில் முற்றாக நிறுத்த முடியாது என்பது உண்மை. மாதம் இவ்வளவுதான் என்று ஓர் எல்லை வைக்க முடியும்.

விலை ஏறும் என்று நம்பிக் குவிப்பது மற்றொரு பொறி. 2022 நெருக்கடியில் டொலர் தட்டுப்பாட்டினால் இறக்குமதிச் சாமான்களின் விலை நாள்தோறும் ஏறியது. அப்போது குவித்து வைத்திருந்த சிலர் இலாபம் கண்டனர். அது தொடரும் என்று எண்ணியவர்களுக்கு 2023 வேறு பாடம் படிப்பித்தது. அவ்வாண்டு ரூபா பலமடைந்தபோது, உச்ச விலைக்கு எடுத்த சரக்கைக் கையில் வைத்திருந்தவர் கொள்விலைக்குக் குறைவாக விற்க வேண்டிய நிலை வந்தது. விலை எந்தப் பக்கம் போகும் என்பது எவர் கையிலும் இல்லை. எத்தனை நாளைக்குரிய சரக்கு வைத்திருப்பது என்பது நமது கையில் இருக்கிறது.

சந்தா முறையை நாம் அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் சொல் பிரைஸின் முதல் யோசனையை நினைவுபடுத்திப் பாருங்கள். சிறியவர்கள் சேர்ந்து வாங்கினால் பெரியவர்களின் விலை கிடைக்கும். ஒரே ஊரில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து, ஒரே வகைப் பருப்பை ஒரே லொறியில் இறக்கினால் கூலியும் குறையும், விலையும் குறையும். இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒருவரையொருவர் நம்பவும், யார் எவ்வளவு எடுத்தார் என்பதை எழுத்தில் வைக்கவும் வேண்டும்.

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையில் அதிகம் விற்கும் பத்துச் சாமான்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விடயங்களைக் குறியுங்கள்: கொள்விலை, விற்கும் விலை, ஒருமுறை எடுத்த சரக்குத் தீர எத்தனை நாள், கழிவு எவ்வளவு. அடுத்து, கடந்த மூன்று மாதத்தில் அசையாமல் இருக்கும் பத்துச் சாமான்களை எழுதி, அவற்றில் முடங்கிக் கிடக்கும் பணத்தைக் கூட்டுங்கள்.

முதல் பட்டியலில் உள்ளவற்றின் விலையை நியாயமாக வைத்து, காசு சுற்றுவதற்கு வழி செய்யுங்கள். இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றை, இலாபம் குறைந்தாலும் விற்று முடித்து, அந்தப் பணத்தை முதல் பட்டியலுக்குக் கொண்டுவாருங்கள். மீண்டும் அவற்றை எடுக்க வேண்டுமா என்பதை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

இரண்டு பட்டியலையும் எழுத ஒரு மணித்தியாலம் போதும். கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகு, அரிசியிலும் சீனியிலும் என்ன இலாபம் இருக்கிறது என்ற கேள்வியை நீங்கள் இனிக் கேட்கமாட்டீர்கள்.